மஜ்ஜை மாற்று சிகிச்சையும் கல்லீரல் அடைப்பும்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கொடையாளியின் ஸ்டெம் செல்கள் நோயாளியின் உடலில் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் கல்லீரலுக்கு நேரும் கடும் சிக்கல் ஒன்று உண்டு. கல்லீரலுக்குள் ரத்தம் ஊறிச் செல்லும் நுண்நாளங்கள் அடைபடுகின்றன. கல்லீரல் வீங்கி வலிக்கிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, உடல் எடை கூடுகிறது, காமாலை ஏறுகிறது. வார்டுகளில் இதை ‘வி.ஓ.டி.’ என்பார்கள். சிறு சிரைகள் அடைபடுவதே நோய் என்று எண்ணியிருந்த காலத்துப் பெயர் அது. சிரைக்கு முன்பே, சைனுசாய்டு எனப்படும் நுண்நாளங்களின் உட்சுவர் செல்களில்தான் சேதம் தொடங்குகிறது என்பது தெளிவானபின், 2002 முதல் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது.

சேதத்துக்குக் காரணம் மாற்றப்படும் மஜ்ஜை அல்ல, அதற்கு முன் தரப்படும் மருந்து. பழைய மஜ்ஜையை முற்றாக அழித்துப் புதியதற்கு இடம் செய்ய, ‘கண்டிஷனிங்’ என்ற பெயரில் மிக அதிக அளவில் கீமோ மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. நெடுங்காலமாக அவற்றில் முதன்மையானது புசல்ஃபான். கல்லீரல் அதை குளூட்டதையோன் என்ற பொருளோடு இணைத்து நச்சு நீக்குகிறது. மைய சிரையை ஒட்டிய பகுதியில் குளூட்டதையோன் இருப்பு குறைவு. அது தீர்ந்ததும் அங்குள்ள உட்சுவர் செல்கள் உருண்டு திரண்டு ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இடைவெளியில் சிவப்பணுக்கள் நுழைந்து உட்சுவரையே உரித்தெடுக்கின்றன. உரிந்தவை கீழ்நோக்கிப் போய் அடைக்கின்றன. ரத்தம் தேங்கி, கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் காமாலைக்கு முன்பே எடை கூடிவிடுகிறது.

மாற்று சிகிச்சை தோன்றுவதற்கு முன்பே மருத்துவம் அறிந்த நோய் இது. ஜமைக்காவில் மூலிகைத் தேநீர் குடித்த குழந்தைகளிடம் கண்ட இந்நோயை 1954-இல் பிராஸ், ஜெலிஃப், ஸ்டுவர்ட் ஆகியோர் விவரித்தனர். 1970-களின் நடுவில் ஆப்கானிஸ்தானில் ஹீலியோட்ரோப்பியம் என்ற களையின் விதை கலந்த கோதுமையால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். தமிழ்நாட்டுத் தரிசுகளில் முளைக்கும் தேள்கொடுக்குச் செடி அந்தக் களையின் இனம். அதே காலத்தில் இந்தியாவில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் ஊர் ஊராக வயிறு வீங்கி மக்கள் இறந்தனர். அவர்கள் உண்ட கோந்த்லி தானியத்தில் கிலுகிலுப்பை இனச் செடியின் விதை கலந்திருந்தது. கோந்த்லி என்பது நம் சாமைதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மலையூர்களில் இன்றும் விளைவது. தானியத்தைப் புடைத்துச் சலித்திருந்தாலே அந்த நச்சைத் தவிர்த்திருக்கலாம். இன்று மருத்துவமனையில் வேண்டுமென்றே, அளந்து, வேறொரு நோயைத் தீர்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்து கல்லீரலின் அதே இடத்தைத் தாக்குகிறது.

எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 1979 முதல் 2007 வரை வெளிவந்த 135 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த மதிப்பாய்வு, சராசரி 13.7 விழுக்காடு என்றது. அதில் அடங்கிய ஆய்வுகளோ பூஜ்யத்திலிருந்து அறுபது விழுக்காட்டுக்கு மேல் வரை விரிந்து கிடந்தன. நோயாளி யார், கல்லீரல் எப்படி இருந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் சராசரியை மட்டும் சொல்வது ஆளைக் குழப்பும். ஆனால் அந்த மதிப்பாய்வின் இன்னொரு எண்ணில் குழப்பம் இல்லை. சிறுநீரகம், நுரையீரல் என்று பிற உறுப்புகளும் தளரும் கடும் நிலைக்குப் போனவர்களில் 84 விழுக்காட்டினர் இறந்தனர்.

தென்னிந்தியாவில் வி.ஓ.டி.யைப் பற்றிப் பேசும்போது, பரம்பரை ரத்த நோயான தலசீமியாவை விட்டுப் பேச முடியாது. மேற்கு நாடுகளில் மாற்று சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் ரத்தப் புற்றுநோயாளிகள். இங்கே அவர்களோடு தலசீமியாக் குழந்தைகளும் பெருந்தொகையாக வருகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெற்றோர் இருவருமே பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களில் ஒன்றுபோல நிலைத்திருக்கும், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சூளகிரி, பேரிகைப் பக்கங்களில் அந்தப் பழுது ஒரே குடும்பத்துக்குள் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். இதற்கு மறுபக்கமும் உண்டு. உடன்பிறந்தவரின் திசு பொருந்தும் வாய்ப்பு பொதுவாக நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் சில வேளை பெற்றோரோ மாமன் மகனோகூடப் பொருந்திவிடுகிறார்கள்.

இந்தக் குழந்தைகளின் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு வரும்போதே நலிந்திருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டிய நோய் இது. ஒரு யூனிட் ரத்தத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலிலிருந்து இயல்பாக வெளியேறும் இரும்போ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். ஆண்டுக்குப் பதின்மூன்று யூனிட் ஏற்றினால் மூன்று கிராம் அளவுக்கு இரும்பு சேர்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள மொத்த இரும்பே மூன்று நான்கு கிராம்தான். மிகுதி இரும்பு முதலில் குடியேறும் இடம் கல்லீரல். டெஃபராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் போன்ற இரும்பு நீக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் எடுத்தால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை தீர்ந்த மாதத்தை அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. இரும்பு ஏறுவது வெளியே தெரியாது. குழந்தை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும், கல்லீரலில் நார்த்திசு படர்ந்துகொண்டிருக்கும்.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986-இல் தொடங்கியது. நாட்டின் பெரிய தலசீமியா மாற்று சிகிச்சைத் திட்டங்களில் ஒன்று அங்கே வளர்ந்தது. அதன் ரத்தவியல் துறை இன்று ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓசூரிலிருந்து மூன்று மணிநேரத் தொலைவு.

இத்தாலியின் பெசாரோ நகரில் மருத்துவர் லுக்கரெல்லி வகுத்த பிரிவுமுறையே தலசீமியாவுக்கு உலகெங்கும் அளவுகோல். கல்லீரல் வீக்கம், நார்த்திசு, இரும்பு நீக்கத்தில் ஒழுங்கின்மை ஆகிய மூன்றும் இருந்தால் மூன்றாம் பிரிவு. இத்தாலியக் குழந்தைகளுக்குப் போதுமாயிருந்த அந்தப் பிரிவு வேலூருக்குப் போதவில்லை. இங்கே வந்தவர்களில் பாதிக்கு மேல் மூன்றாம் பிரிவிலேயே விழுந்தார்கள், அவர்களுக்குள்ளும் பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நிறைய வேறுபாடு இருந்தது. வேலூரின் விக்ரம் மேத்யூஸும் உடனாய்வாளர்களும் 2007-இல் மூன்றாம் பிரிவுக்குள் இன்னொரு கோடு கிழித்தார்கள்: வயது ஏழோ அதற்கு மேலோ, கூடவே விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருத்தல். இரண்டும் இருந்தால் மிகுந்த ஆபத்துள்ள உட்பிரிவு. விரலும் ஸ்கேலும் போதும், பயாப்ஸி தேவையில்லை என்பதுதான் இந்தக் கோட்டின் அருமை. எந்த வட்டாரத்து மருத்துவரும் அளந்து சொல்லிவிடலாம்.

இதற்கு முன்பே, 2004-இல், அதே துறையின் அலோக் ஸ்ரீவத்சவா, பூங்குழலி உள்ளிட்டோர் தலசீமியா நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்திருந்தனர். குளூட்டதையோனைக் கொண்டு நச்சு நீக்கும் நொதிகளில் ஒன்றை உருவாக்கும் ஜி.எஸ்.டி.எம்-1 மரபணுவே இல்லாதவர்களுக்கு வி.ஓ.டி. கூடுதலாக வருகிறது என்று கண்டனர். ஒரே எடை, ஒரே அளவு மருந்து, ஒரே வார்டு என்றாலும் ஒரு குழந்தைக்குக் கல்லீரல் அடைபட்டு, அடுத்த படுக்கைக் குழந்தை நலமாக வீடு திரும்புவதற்கு இது ஒரு விளக்கம்.

முடிவான மாற்றம் வேலூரில் 2009 அக்டோபரில் வந்தது. புசல்ஃபானைக் கைவிட்டு, ட்ரியோசல்ஃபான், தியோட்டெபா, ஃப்ளுடராபின் என்ற மூன்று மருந்துக் கூட்டு தொடங்கப்பட்டது. முதல் 50 மூன்றாம் பிரிவு நோயாளிகளின் முடிவு 2013-இல் வெளியானது. மிகுந்த ஆபத்துள்ள உட்பிரிவில், முன்பு 78 விழுக்காடாக இருந்த வி.ஓ.டி. 30 விழுக்காடாகவும், சிகிச்சையை ஒட்டிய தொடக்ககால இறப்பு 46-லிருந்து 13 விழுக்காடாகவும் குறைந்தது. முந்தைய ஆண்டுகளின் நோயாளிகளோடு வைத்து ஒப்பிட்ட எண்கள் இவை. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த சோதனை அல்ல, இடைப்பட்ட ஆண்டுகளில் பராமரிப்பும் மேம்பட்டிருக்கும். அதைக் கழித்தாலும் வேறுபாடு சிறியதல்ல. வந்துவிட்ட வி.ஓ.டி.யைக் குணப்படுத்தும் எந்த மருந்தும் இவ்வளவு உயிர்களைத் திருப்பித் தந்ததாகச் சொல்வது கடினம்.

வந்துவிட்டால் மருத்துவமனையின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். நோயறிய நெடுங்காலம் வழக்கில் இருந்த பால்டிமோர் அளவுகோல், மாற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், காமாலையைக் காட்டும் பிலிரூபின் டெசிலிட்டருக்கு இரண்டு மில்லிகிராமை எட்டவேண்டும், கூடவே கல்லீரல் வீக்கம், வயிற்று நீர், ஐந்து விழுக்காடு எடைக்கூடுதல் ஆகியவற்றில் இரண்டு இருக்கவேண்டும் என்றது. குழந்தைகளில் காமாலை இல்லாமலும், 21 நாள் கடந்தும் நோய் வருவது தெரிந்ததால், ஐரோப்பிய மாற்று சிகிச்சைச் சங்கம் குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் வகுத்தது. அதில் நாள் வரம்பு கிடையாது. ஏற்றிய பிளேட்லெட் நிற்காமல் கரைந்துபோவதும் ஓர் அறிகுறியாகச் சேர்ந்தது.

ஆகவே வார்டின் முதல் ஆயுதம் எடைக்கருவி. இருபது கிலோ குழந்தைக்கு ஐந்து விழுக்காடு என்பது ஒரு கிலோ. ஒரு தடித்த போர்வையும் ஈரமான டயப்பரும் அதில் பாதியை விழுங்கிவிடும். அதனால் ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே அளவு உடை என்று காலையும் மாலையும் நிறுக்கிறார்கள். தொப்புள் மட்டத்தில் பேனாவால் இருபுறமும் கோடு போட்டு, அதே கோட்டில் டேப்பை வைத்து வயிற்றுச் சுற்றளவை எடுக்கிறார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு மில்லியும் வெளியே வரும் ஒவ்வொரு மில்லியும் ஏட்டில் ஏறுகிறது. ஆன்டிபயாட்டிக்கைக் கரைக்கும் டிரிப் நீரும் கணக்கு, வாய் கொப்பளித்து விழுங்கிய நீரும் கணக்கு. தாகம் என்று குழந்தை அழும்போது அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்துவிட்ட தாய் அதைச் சொல்லாமல் விட்டால் அன்றைய கணக்கு பொய்யாகிவிடும். செவிலியர்கள் மிகுதியாக மன்றாடுவது இதற்காகத்தான்.

பிளேட்லெட் கரைவதால் பாரம் ரத்த வங்கிக்குப் போகிறது. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்கூட்டியே வாங்கிச் சேமிக்கவும் வழியில்லை. ஒரே கொடையாளியிடமிருந்து இயந்திரம் வழியாக எடுக்கும் பிளேட்லெட்டுக்கு, அதே ரத்த வகையுள்ள ஆள் நேரில் வந்து ஒன்றிரண்டு மணிநேரம் படுத்திருக்கவேண்டும். பேரிகையிலிருந்து வேலூருக்கோ பெங்களூருக்கோ குழந்தையோடு போன குடும்பம் அங்கே அப்படி நான்கு பேரைத் திரட்டவேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து வேன் வைத்து ஆட்களை வரவழைப்பதும், கல்லூரி மாணவர்களின் ரத்ததான வாட்ஸ்ஆப் குழுக்களில் செய்தி போடுவதும் மருத்துவமனைக் கணக்குப்புத்தகத்தில் வராத செலவுகள்.

நோய் முற்றினால் வயிற்று நீரை ஊசியால் எடுப்பது, ஆல்புமின் ஏற்றுவது, ஆக்ஸிஜன், டயாலிசிஸ், வென்டிலேட்டர் என்று படிப்படியாக ஐ.சி.யூ.வுக்குப் போகிறது. இன்னொரு பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாற்று சிகிச்சை அறைகள் காற்றை வடிகட்டித் தனிமைப்படுத்தப்பட்டவை, எண்ணிக்கையில் சில. ஒரு நோயாளி மூன்று வாரம் கூடுதலாக அறையில் தங்கினால், தேதி குறித்துக் காத்திருக்கும் அடுத்த குழந்தை இன்னும் ஒரு மாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இரும்பைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும்.

கடும் வி.ஓ.டி.க்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து டெஃபைப்ரோடைடு ஒன்றே. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. துணுக்குகளால் ஆனது. ஐரோப்பா 2013-இலும் அமெரிக்கா 2016 மார்ச்சிலும் அனுமதித்தன. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் மருந்து பெற்ற 102 பேரில் நூறாம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் 38 விழுக்காடு, பழைய பதிவுகளிலிருந்து ஒப்பீட்டுக்கு எடுத்த 32 பேரில் 25 விழுக்காடு. பயன் உண்டு, ஆனால் அளவானது. மருந்தளவு, கிலோவுக்கு 6.25 மில்லிகிராம், ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 21 நாள். இருபது கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 125, நாளுக்கு 500 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 200 மில்லிகிராம். நாளுக்கு இரண்டரைக் குப்பி. கலக்கிய மருந்தைக் குளிரில் வைத்தாலும் 24 மணிநேரம்தான் தாங்கும் என்பதால் மீதி அரைக் குப்பி பெரும்பாலும் வீண். 21 நாளுக்கு 63 குப்பி என்று எழுதவேண்டிய மருந்துச் சீட்டு இது. விலை மிகுந்த இந்த மருந்து இந்தியக் குடும்பத்தின் மொத்த மாற்று சிகிச்சைச் செலவையே இரட்டிப்பாக்கவல்லது. அதனால் பல மையங்களில் நீர்க்கட்டுப்பாடும் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கவனமான பராமரிப்புமே முதல் சிகிச்சையாக நிற்கின்றன. மிதமான நோய்க்கு அவையே போதுமானதாகவும் இருப்பதுண்டு.

செலவு யார் தலையில் விழுகிறது? தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரம்பு. மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதியும் இருக்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் 2017-இல் தொடங்கிய தலசீமியா பால் சேவா திட்டம், தகுதியுள்ள குழந்தைக்குப் பத்து லட்சம் வரை தருகிறது. இவை எல்லாமே சிக்கலில்லாமல் முடியும் சிகிச்சையை மனதில் வைத்து வகுத்த தொகைகள். வி.ஓ.டி. வந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திட்டத் தொகை தீர்ந்த நாளிலிருந்து கைப்பணம்தான்.

எல்லைப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரிகையிலிருந்து கர்நாடகத்தின் மாலூர் வட்டம் கூப்பிடு தூரம். பெரிய மஜ்ஜை மாற்று மையங்களில் ஒன்றான நாராயணா மருத்துவ நகரம் இருக்கும் பொம்மசந்திரா, ஓசூரிலிருந்து வேலூருக்குப் போகும் தூரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பெங்களூரின் சங்கல்ப் இந்தியா அறக்கட்டளை தலசீமியாக் குடும்பங்களுக்கு இலவசத் திசுப்பொருத்த முகாம்கள் நடத்துகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை, பட்டியல் தீர்மானிக்கிறது. பக்கத்து மருத்துவமனையை விட்டு வேலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்குவதும், அட்டையை மறந்து பக்கத்து மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டுவதும் இங்குள்ள குடும்பங்கள் எடைபோட வேண்டிய இரண்டு வழிகள்.

ஓசூர் சிப்காட் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால். தொழிலாளியே நோயுற்றால் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். குழந்தையின் படுக்கையருகே உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கு அது கிடையாது, சம்பளமில்லா விடுப்புதான். பேரிகை, பாகலூர்ப் பக்கத்து ரோஜாக் குடில்களில் நாள்கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. மாற்று சிகிச்சைக்குப் பிறகு நூறு நாள் வரை மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கச் சொல்வது வழக்கம். சிக்கல் வந்தால் அது நீளும். ஒருவர் குழந்தையோடு, ஒருவர் கொடையாளியான இன்னொரு குழந்தையோடு என்று பிரிந்தபின் சம்பாதிக்க வீட்டில் ஆள் மிஞ்சுவதில்லை.

மருந்தால் முன்கூட்டித் தடுக்க முடியுமா என்ற முயற்சிகள் கலவையான முடிவுகளைத் தந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 356 குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், டெஃபைப்ரோடைடை முன்கூட்டியே கொடுத்தபோது வி.ஓ.டி. 20-லிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து நடந்த பெரிய சோதனை, பயனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. விலை குறைந்த உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை பல மையங்களில் வழக்கமாகத் தரப்படுகிறது. புசல்ஃபான் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், நரம்புவழி கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து அடுத்த வேளையைக் கூட்டிக் குறைப்பது நல்ல பயன் தருகிறது.

இவை எல்லாம் அட்மிஷனுக்குப் பிறகு நடப்பவை. வேலூரின் கோடு காட்டுவது அதற்கு முந்தைய ஆண்டுகளை. நான்கு வயதில், கல்லீரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரல்கடை இறங்கியிருக்கும்போது போகும் குழந்தையும், பதினொரு வயதில் ஏழு சென்டிமீட்டர் கல்லீரலோடு போகும் குழந்தையும் ஒரே சிகிச்சைக்குப் போவதில்லை. மருத்துவமனையின் பாரத்தில் பெரும்பகுதி, கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது: இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா, மாத்திரை தொடர்ந்து கிடைத்ததா, அண்ணன் தங்கையின் திசுப்பொருத்தத்தை மூன்று வயதில் பார்த்தார்களா, பத்து வயதிலா?

புதிதாக வந்திருக்கும் மரபணுச் சிகிச்சைகளும் இந்தச் சிக்கலிலிருந்து விடுதலை தரவில்லை. அமெரிக்காவில் 2022-இலும் 2024-இலும் தலசீமியாவுக்கு அனுமதி பெற்ற இரண்டு சிகிச்சைகளிலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களே திருப்பிச் செலுத்தப்படுகின்றன. ஆனாலும் பழைய மஜ்ஜையை அழிக்கப் பயன்படுவது புசல்ஃபான்தான். ரத்தப் புற்றுநோயிலும் இனோட்டுசுமாப், ஜெம்டுசுமாப் போன்ற புதிய மருந்துகளைப் பெற்றபின் மாற்று சிகிச்சைக்கு வருவோருக்கு வி.ஓ.டி. ஆபத்து கூடுகிறது.

வி.ஓ.டி.யிலிருந்து மீண்டு, புதிய மஜ்ஜையும் வேலை செய்யத் தொடங்கிய பிறகும் பழைய இரும்பு கல்லீரலிலேயே கிடக்கும். அதை வெளியேற்ற இத்தாலிய மருத்துவர்கள் 1990-களில் நிறுவிய முறை எளிது: உடல் எடையில் கிலோவுக்கு ஆறு மில்லி வீதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தை எடுத்துவிடுவது. ஹீமோகுளோபின் நிலைத்து, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் நின்றபின் தொடங்கலாம். இருபத்தைந்து கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 150 மில்லி. இதற்கு மாற்று சிகிச்சை மையம் வரை போகவேண்டியதில்லை, ரத்த வங்கி உள்ள அருகிலுள்ள மருத்துவமனையே போதும்.